பனிக்கு முன்பே தண்ணீரைப் பார்க்க வேண்டும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரண்டோவுக்கு வடமேற்கே வெகுதூரம் தள்ளி, எலியட் லேக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் யுரேனியச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். அங்கிருந்த அல்கோ சென்டர் மால்தான் ஊராருக்குக் கடைத்தெரு. நூலகமும் ஓட்டலும் அரசு அலுவலகங்களும் அதற்குள்ளேயே இருந்தன. 2012 ஜூன் 23, சனிக்கிழமை பிற்பகலில் அந்தக் கட்டடத்தின் கூரைத் தளத்தில் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். நல்ல கோடைக்காலம். பனியின் சுவடுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் கட்டடத்தை அரித்துத் தின்றவை அது கடந்துவந்த முப்பதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்கள்தான்.

1980இல் திறக்கப்பட்ட அந்த மாலின் கூரையே கார் நிறுத்துமிடம். குளிர்காலத்தில் உள்ளே வந்த ஒவ்வொரு காரும் சாலையிலிருந்து உப்பையும் பனிச்சேற்றையும் சுமந்து வந்தது. பனி உருகியது, உப்புநீர் தளத்தின் இடுக்குகளில் இறங்கியது. திறந்த நாளிலிருந்தே கூரை ஒழுகியதாக விசாரணையில் தெரியவந்தது. கீழே கடை வைத்திருந்தவர்கள் வாளி வைத்தார்கள், தார்ப்பாய் கட்டினார்கள், வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். மேலே, எவர் கண்ணிலும் படாத இடத்தில், இரும்புத் தூணையும் உத்தரத்தையும் பிடித்திருந்த ஒரு பற்றவைப்பு ஆண்டுதோறும் துருவேறி மெலிந்துகொண்டிருந்தது. கடலே இல்லாத ஊரில், கடலோரக் கட்டடத்துக்கு ஏறுகிற அளவுக்குத் துரு. விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய பால் பெலாஞ்சர் 2014 அக்டோபரில் அறிக்கை தந்தபோது, இதைப் பொருள்களின் தோல்வி என்பதைவிட மனிதர்களின் தோல்வி என்றே சொன்னார். உரிமையாளர்கள் மாறினார்கள், பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒழுகல் மட்டும் நிற்கவில்லை.

குளிர்நாட்டில் கடையோ உணவகமோ கிடங்கோ நடத்துகிறவர்கள் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது. குளிர்காலத் தயாரிப்பு என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது மண்வாரியும் உப்பு மூட்டையும், வெள்ளையாக வந்து விழுகிற பனியும். பனி கண்ணுக்குத் தெரிகிறது, அள்ளித் தள்ளிவிடலாம். கட்டடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் உண்மையான கேடு தண்ணீரிடமிருந்து வருகிறது. குழாய்க்குள் நின்று உறையும் தண்ணீர், தட்டைக் கூரையில் தேங்கும் தண்ணீர், பகலில் உருகி ஓடி இரவில் நடைபாதையில் இறுகும் தண்ணீர், உப்பைக் கரைத்துக்கொண்டு இரும்பிலும் ஓடையிலும் இறங்கும் தண்ணீர். இவற்றில் ஒன்றைக்கூட ஜனவரியில் சரிசெய்ய முடியாது. அக்டோபரில், மழை பெய்யும் ஒரு நாளில், கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தால் அத்தனையும் தெரிந்துவிடும்.

அப்படி நடந்து பார்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

டொரண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் மார்க்கம் ரோடு, ஃபின்ச், எக்ளிண்டன் போன்ற சாலைகளை ஒட்டி வரிசை வரிசையாக பிளாசாக்கள் இருக்கின்றன. முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் சரக்கு இறக்கும் சந்து, மேலே ஒரே தட்டைக் கூரை, கீழே பத்துப் பதினைந்து கடைகள். மளிகை, நகை, புடவை, கொத்து ரொட்டி போடும் கடை, டிராவல்ஸ், முடிவெட்டும் கடை எனத் தமிழர்களின் வியாபாரம் பெரும்பாலும் இந்த வாடகைக் கூரைகளின் கீழேதான் நடக்கிறது. வாடகையோடு சேர்த்து டி.எம்.ஐ. என்று ஒரு தொகையையும் கடைக்காரர் மாதாமாதம் கட்டுகிறார். வரி, பராமரிப்பு, காப்பீடு மூன்றும் அதில் அடக்கம்; ஸ்னோ தள்ளும் செலவும் அதிலிருந்துதான் போகிறது. பணம் கட்டியாயிற்று, இனி எல்லாம் உரிமையாளர் பாடு என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால் வேறு கதை. பல ஒப்பந்தங்களில் கூரை உரிமையாளருடையது. கடைக்குள் இருக்கும் குழாயும், கூரைமேல் நிற்கும் அந்தக் கடைக்கான சூடாக்கியும் வாடகைக்காரருடையது. கார் நிறுத்துமிடம் பனி அகற்றும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. கூரையிலிருந்து குழாய் வழியே இறங்கி, வாசல் நடைபாதையைக் குறுக்கே கடந்து, கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் தண்ணீரை இந்த மூன்று பேரில் யாரும் தமதென்று ஏற்பதில்லை.

கூரையிலிருந்து தொடங்கலாம். புதிதாக விழுந்த உதிரிப் பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. காற்றில் இறுகி, மழையில் நனைந்து, மேலும் பெய்து அடுக்கடுக்காகப் படியும்போது அது 300 கிலோவாகவும் 400 கிலோவாகவும் ஏறுகிறது. முப்பது சென்டிமீட்டர் ஈரப்பனி என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ. கூரையின் வடிகால் வாயில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால், அடியில் தேங்கும் நீர் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இன்னொரு பத்துக் கிலோவைக் கூட்டும். அது உறைந்துவிட்டால் வசந்தம் வரை இறங்காது. போலந்தில் காட்டோவிட்செ நகருக்கு அருகே 2006 ஜனவரி 28 அன்று, புறாக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வணிக அரங்கின் கூரை பனியும் உறைபனியும் சேர்ந்த பாரத்தில் சரிந்து 65 பேர் இறந்தார்கள். அதற்குச் சரியாக 84 ஆண்டுகளுக்கு முன், 1922இல் அதே ஜனவரி 28 இரவு, வாஷிங்டனில் நிக்கர்பாக்கர் திரையரங்கின் தட்டைக் கூரை விழுந்து 98 பேர் இறந்தார்கள். இரண்டிலும் வடிவமைப்புக் கோளாறும் உண்டு. ஆனால் கோளாறுள்ள கூரைக்குக் கீழே இருப்பவருக்குத் தன் கூரையின் நிலை தெரியாது என்பதுதான் இங்கே பயமுறுத்தும் விஷயம். நவம்பர் தொடங்குமுன் வடிகால் வாய்களைத் துப்புரவாக்குவது ஓர் ஆளுக்கு அரைநாள் வேலை. அதைச் செய்ததற்கான படத்தை உரிமையாளரிடம் கேட்கும் கடைக்காரரை யாரும் வம்புக்காரர் என்று சொல்லக் கூடாது.

அடுத்தது குழாய். இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. அந்த வீக்கம் குழாயை நேரடியாகப் பிளந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அப்படியல்ல. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக உருவாகி வளர்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய திருகுகுழாய்க்கும் இடையே மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. போக்கிடம் இல்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் பலமடங்கு ஏறி, பனிக்கட்டியே இல்லாத இடத்தில்கூடக் குழாய் வெடிக்கிறது. கடுங்குளிர் இரவுகளில் திருகுகுழாயைச் சற்றே திறந்து துளித்துளியாக விடச் சொல்வது இதனால்தான். மாட்டிய தண்ணீருக்கு அது ஒரு வழி தருகிறது. வெடித்ததும் உடனே தெரியாது. அடைப்பு உருகும் வரை ஒரு சொட்டும் வராது. பிறகு வருகிற வெள்ளம், பூட்டிய கடைக்குள், கேட்பாரில்லாமல் ஓடும்.

பிளாசாக் கடைகளில் அபாயமான இடங்கள் பழகியவை. பின்கதவை ஒட்டிய கழிப்பறை, சரக்கறைச் சுவர், பொய்க்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடைப்பட்ட இருண்ட வெளி. இரவில் செலவை மிச்சப்படுத்தச் சூட்டைக் குறைத்ததும், கடைக்குள் இருக்கும் கொஞ்ச வெப்பமும் பொய்க்கூரைக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே ஓடும் குழாய்கள் வெளிக்குளிரோடு தனியே போராடுகின்றன. தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்களும் அங்கேதான். தண்ணீர் நிரம்பிய ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடும் எந்த இடமும் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது என்பது வட அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. பொய்க்கூரைக்கு மேலே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்த கடைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இருபது டாலர்கூட ஆகாத பொருள் அது.

காப்பீட்டு நிறுவனங்கள் ஆள் இல்லாத நேரத்திலும் உள்ளே 13 டிகிரியாவது வைத்திருக்கச் சொல்கின்றன. இதைக் கருமித்தனத்தோடு பார்ப்பது பெரிய தவறு. 2022 டிசம்பர் 23 அன்று ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியையும் எல்லைக்கு அப்பால் பஃபலோவையும் தாக்கிய பனிப்புயலில் சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை சரிந்து விழுந்தது. அடுத்த இரண்டு நாள் கிறிஸ்துமஸ் விடுமுறை. வியாபாரிகள் சூட்டைக் குறைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகும் நாளும், குழாய் உறையும் நாளும் அந்த ஆண்டு ஒன்றாகவே வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 பிப்ரவரியில், டெக்சாஸ் மாநிலத்தில் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரமில்லாமல் தவித்தன. குளிருக்கென்று கட்டப்படாத கட்டடங்களில் குழாய்கள் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடியதால் ஊர் ஊராக வெடித்தன. மாநில அரசு பின்னர் எடுத்த கணக்கில் இறந்தோர் 246 பேர். டொரண்டோவின் கட்டடங்கள் குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவைதான். ஆனால் சூடு நின்றுபோன கட்டடத்தைக் குளிர் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது.

மின்சாரம் போவதும் டொரண்டோவுக்குப் புதிதல்ல. 2013 டிசம்பர் 22ஐ ஒட்டி வந்த உறைமழையில் டொரண்டோ ஹைட்ரோவின் மூன்று லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் விளக்கு எரியவில்லை. மீன்பெட்டியும் குளிரறையும் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு ஜெனரேட்டர் தேவைதான். அதைக் கட்டடத்துக்கு உள்ளேயோ பின்கதவை ஒட்டியோ ஓட்டவே கூடாது. கரி அடுப்பையும் உள்ளே மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சூடாக்கியின் புகைபோக்கி வாயைப் பனி மூடினாலும் அதே விஷவாயு உள்ளே திரும்பும்.

இனி வாசலுக்கு வரலாம். ஒன்டாரியோவில் ஒருவர் கடை வாசலில் வழுக்கி விழுந்தால், அந்த இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்மீது வழக்குத் தொடரலாம். கட்டட உரிமையாளர், வாடகைக்காரர், பனி அகற்றும் ஒப்பந்தக்காரர் எல்லோரையும் சேர்த்தே இழுப்பதுதான் வழக்கம். 2021 ஜனவரி 29 முதல், பனியாலோ உறைபனியாலோ காயமடைந்தவர் 60 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. மரணம் நேர்ந்தால் அந்தக் கெடு தடையாகாது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தாலும் தளர்வு உண்டு. வியாபாரிகளுக்கு இது ஓரளவு நிம்மதி. எந்த நாளில், எந்த நேரத்தில், யார் பனியைத் தள்ளினார், உப்புப் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தவருக்கே அந்த நிம்மதி உதவும்.

பெரும்பனி விழும் நாளில் விபத்து குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2022 ஜனவரி 17 அன்று டொரண்டோவில் 15 மணி நேரத்துக்குள் 55 சென்டிமீட்டர் வரை கொட்டியது. அன்று கடைக்கு யார் வந்தார்கள்? வந்த சிலரும் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தார்கள். ஆபத்தான நாள் அதற்கு அப்புறம் வருகிறது. வெயில் அடிக்கிறது, குவியல் உருகுகிறது, தண்ணீர் தாருக்கு மேல் மெல்லிய ஏடாகப் படர்கிறது, மாலை ஐந்து மணிக்குச் சூரியன் போனதும் அது நிறமற்ற கண்ணாடியாகிவிடுகிறது. ஸ்னோ ஒப்பந்தங்கள் பலவற்றில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால்தான் வண்டி வரும் என்று எழுதியிருக்கும். அன்று ஒரு சென்டிமீட்டர்கூடப் பெய்யவில்லை. ஆகவே வண்டி வராது. வேலைக்காரர் தப்புச் செய்ததாகவும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் பனியின் உயரத்தை எழுதியவர்கள் உருகி உறையும் தண்ணீரை மறந்துவிட்டார்கள்.

இந்த மறதிக்கு மருந்து எளிது. கார் நிறுத்துமிடம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, பனியை மேட்டில் குவிக்காமல் சாக்கடை வாய்க்கு அருகே பள்ளத்தில் குவிக்கச் சொன்னால் போதும். உருகிய நீர் நடைபாதையைக் கடக்காமலே போய்விடும். வண்டி ஓட்டுபவர் தமக்கு வசதியான மூலையில்தான் குவிப்பார். அதிகாலை மூன்று மணிக்கு, கொட்டும் பனியில், அவருக்குச் சரிவு தெரியாது. அக்டோபரிலேயே ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். கூரையிலிருந்து வரும் குழாய் நடைபாதையில் தண்ணீரைக் கொட்டினால் அதைத் திருப்பிவிட ஒரு முழங்கைக் குழாயும் ஒரு மணி நேரமும் போதும். இதைச் செய்யாமல் குளிர்காலம் முழுக்க அதே இடத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கும் கடைகள் எத்தனையோ.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும். கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளிலும் நிறுத்துமிடங்களிலும் கொட்டப்படுகிறது. சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலை செய்யாது. மைனஸ் 15 டிகிரிக் காலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் வெள்ளைக் கல் கல்லாகவே கிடக்கும். அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு வேண்டும், அல்லது கால் பிடிக்க மணல் தூவ வேண்டும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வேகமாக உருகும் என்பதும் உண்மையில்லை. போட்டது எங்கும் மறைந்துவிடுவதில்லை. காலணியோடு கடைக்குள் வந்து தரையைக் கெடுக்கிறது; கதவின் கீழ்ச்சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது; சிமென்டைப் பொரியச் செய்கிறது. மீதி ஓடைக்குப் போகிறது. நன்னீர் உயிர்களைக் காக்கக் கனடா வகுத்த நீண்டகால வரம்பு ஒரு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. ஒரு தேக்கரண்டி உப்பு இருபது லிட்டர் நீரை அந்த வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். ஸ்கார்பரோவின் ஹைலண்ட் க்ரீக்கும் ரூஜ் ஆறும் இறங்குவது ஒன்டாரியோ ஏரியில். டொரண்டோ குடிப்பதும் அதே ஏரியின் நீரைத்தான்.

ஒப்பந்தக்காரர் அளவுக்கு மீறிக் கொட்டுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. வழக்குப் பயம். போட்ட உப்புக்காக அவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது அரிது. போடாத உப்புக்காக இழுப்பார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013 முதல் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. உப்பைச் சரியான அளவில் பயன்படுத்தப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி, போட்ட கணக்கை எழுதி வைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அவரை அமர்த்தும் கட்டட உரிமையாளருக்கும், வழுக்கி விழும் வழக்குகளில் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஒன்டாரியோவிலும் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கும் வாட்டர்லூ வட்டாரத்தில் முளைத்த ‘ஸ்மார்ட் அபவுட் சால்ட்’ என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. பயிற்சி பெற்றவருக்குச் சட்டத்தின் துணையையும் சேர்த்துத் தர மாகாண அரசு முன்வர வேண்டும். அறுபது நாள் அறிவிப்பு விதியால் வழக்குகளுக்கு ஒரு கெடு வந்தது. உப்பின் அளவை அது தொடவில்லை.

அரசு செய்யும் வரை கடைக்காரர்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஒற்றைக் கடைக்காரர் கேட்டால் உரிமையாளர் கேட்டும் கேளாதவர் போல இருப்பார். ஒரு பிளாசாவின் பத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து, ஆண்டுக்கொருமுறை வரும் டி.எம்.ஐ. கணக்கை முன்னால் வைத்து, நாங்கள் கட்டிய பராமரிப்புப் பணத்தில் கூரை வடிகால் எந்தத் தேதியில் துப்புரவாக்கப்பட்டது, ஸ்னோ ஒப்பந்தத்தில் உறைநீருக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். நம்மவர் பிளாசாக்களில் கோயில் திருவிழாவுக்கும் தீபாவளி விற்பனைக்கும் இப்படி ஒன்றுகூடுவது புதிதல்ல. தீபாவளியும் அக்டோபர், நவம்பரில்தான் வருகிறது. அந்தக் கூட்டத்திலேயே இதையும் பேசிவிடலாம்.

பேசியதை ஒரே ஒரு தாளில் எழுதி, வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்து, உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் கடைக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். பனியை எங்கே குவிப்பது, எந்தக் குழாயைத் திருப்புவது, விடுமுறை இரவுகளில் சூட்டை எவ்வளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது, பின்சுவர்க் குழாய்களுக்கு உறை போடுவது யார் செலவு என்பவை அதில் இருக்கட்டும். பிளாசாவின் பிரதான தண்ணீர் வால்வு எந்தக் கடையின் பின்னறையில் இருக்கிறது, டிசம்பர் 25 இரவு அந்தக் கடையின் சாவி யார் கையில் இருக்கும், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.